பத்தடித் திரை

"குடிச்சிட்டு வந்திருக்கான் பாரு" என்று அந்த ஆள் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நாங்கள் தியேட்டருக்குள் நுழைந்தபோது விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். தாமதத்துக்கு நான்தான் காரணம். ஒரு கால்சட்டைக்கு ஜிப் வைத்து முடித்துவிட்டு வருகிறேன் என்று இவரை வாசலிலேயே கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டேன். உள்ளே படிக்கட்டு. என் கணவர் முதல் படியைக் காலால் தடவினார், இரண்டாவது படியைத் தடவினார், மூன்றாவது படி என்று நினைத்து ஒரு மனிதரின் பாதத்தை மிதித்து, அவர் மடியிலேயே உட்காரப் போனார். அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதரைப் பார்த்து!

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். அந்த ஆளிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. முன்வரிசை வரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டார்ச் லைட்டோடு ஒருவர் ஓடி வந்தார். இவர் என் கையைப் பிடித்து, "விடும்மா, போயிடலாம்" என்றார். படத்தின் பெயர் போடுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டோம். வெளிச்சத்துக்கு வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அழாமல் இருப்பதற்காக, கிழிந்த டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கவுண்டரில் இன்னொரு சண்டை போட்டேன்.

இவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் இவருக்கு ஹாரன் என்று பெயர். எதற்கும் ஹாரனே அடிக்க மாட்டார் என்பதால் வைத்த பெயர் அது. பூனை போகவே யோசிக்கிற சந்துகளில் அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பியிருக்கிறார். அந்தத் தியேட்டர் நாளுக்கு நான்கு மாதங்களுக்கு முன்னால், இடப்பக்கம் போன சைக்கிள்காரரின் தோளில் வண்டியின் கண்ணாடி உரசியது. அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்த சைக்கிளைத் தான் பார்க்கவே இல்லை என்பது இவருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கேட்காமலேயே டிப்போவில் போய்ச் சாவியை வைத்துவிட்டு வந்தார்.

கண் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். ஓரத்திலிருந்து பார்வை குறைந்துகொண்டே வரும், இருட்டில் முதலில் தெரியாமல் போகும், சிலருக்கு மெதுவாகப் போகும், சிலருக்கு வேகமாகப் போகும், மருந்து கிடையாது. இவ்வளவும் சொன்னார். அதில் என் காதில் விழுந்தது 'குறையும்' என்ற ஒரே ஒரு வார்த்தை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சினிமா விஷயத்தில் எங்களுக்குள் ஒரு பாக்கி இருந்தது. கல்யாணமான இருபத்து நான்கு வருடங்களில் நாங்கள் சேர்ந்து பார்த்தது மூன்று படம். அதில் இரண்டில் இவர் தூங்கினார். பஸ்ஸுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? ஊரே லீவு போடுகிற நாளில்தான் இவருக்கு டபுள் டியூட்டி. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவரும் இல்லாத ஞாயிறுகளில் எனக்குத் தையல் மிஷின்தான் துணை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போதெல்லாம் இவர் ஒரே சமாதானம்தான் சொல்வார். "ரிட்டயர் ஆகட்டும். வரிசையா நூறு படம். உன் பக்கத்துல உக்காந்து, கண்ணைக் கொட்டாம பார்க்கறேன். இடைவேளைக்கு டீ நான் போடறேன்." எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எண்ண முடியாது. அவர் சொன்னதை நான் நம்பினேன் என்பதுதான் வேடிக்கை.

தியேட்டரிலிருந்து திரும்பிய அன்று, சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "அந்த நூறு படம் இனி நடக்காதும்மா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீங்க தியேட்டருக்குப் போக வேணாம். தியேட்டர் இங்க வரும்" என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான். சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

என் தம்பி விசேஷ வீடுகளுக்கு லைட், மைக் செட் போடுகிறவன். தொழிலில் அவனுக்கு ஒயர் என்று பெயர், எனக்கு அவன் தடியன். நாற்பது வயதாகிறது, இன்னும் என் வீட்டுக்கு வந்தால் முதலில் பாத்திரத்தைத் திறந்துதான் பார்ப்பான். அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். டிப்போவில் கொடுத்த பணம் எங்கள் இரண்டு பேருக்கும் காலம் பூராவும் வர வேண்டும். அதனால் ஒரே சட்டம்தான் போட்டேன். பழசாகக் கிடைக்கிற எதையும் புதிதாக வாங்கக் கூடாது.

தடியன் பிடித்துக்கொண்டான். ஒரு மண்டபத்தில் மாற்றிப் போட்ட புரொஜெக்டர் ஒன்றைத் தூக்கி வந்தான். அதன் படத்தில் இடது மூலை கொஞ்சம் மஞ்சளடித்தது, மற்றபடி நன்றாக இருந்தது. ஸ்பீக்கர்கள் அவன் கிடங்கிலிருந்தே வந்தன. ஒன்றின் உள்காகிதம் கிழிந்திருந்தது, நான் லைனிங் துணியை வெட்டிப் பசை வைத்து ஒட்டினேன். "அக்கா, ஸ்பீக்கருக்கு ஒட்டுப் போட்ட முதல் ஆளு நீதான்" என்றான். மூன்று வீடுகளில் மிச்சமான பெயின்ட்டை ஒரே வாளியில் கலக்கிக் கூடத்துச் சுவருக்கு அடித்தோம். சுவர் இருட்டாக இருக்க வேண்டுமாம். காய்ந்ததும் அது அழுகிய கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் எதிரொலிக்காது என்று தடியன் அடம்பிடித்தான். "நான் குடியிருக்கறது வீட்டுலடா, கோழிப் பண்ணையில இல்ல" என்று சொல்லி, ஜன்னலுக்கும் பின்சுவருக்கும் கனத்த திரைச்சீலைகளாகத் தைத்துத் தொங்கவிட்டேன். நடுப்பகலிலும் கும்மிருட்டு. சத்தமும் அடங்கியது.

உட்காருவதற்கு டிப்போக்காரர்கள் ஒரு பஸ் சீட்டு அனுப்பினார்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டது, இரண்டு பேர் உட்காருகிறது. இவர் அதைத் தடவிப் பார்த்தார், உட்கார்ந்தார், முதுகைச் சாய்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"இத்தனை வருஷம் ஜனங்களை இதுலயா உக்கார வச்சு ஓட்டினேன்? ஒருத்தர் கூட என்னை அடிக்க வரலையே!"

நான் ஸ்பான்ஜ் வைத்து உறை தைத்துப் போட்டேன். வாரக்கணக்கில் வீடு முழுக்க ஒயரும் மரச்சட்டமும் தூசியுமாகக் கிடந்தது. எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இவர் ஸ்க்ரூ எடுத்துக் கொடுப்பார், கீழே விழுந்ததைத் தேடுவார். தேடும்போது தரையைக் கையால் தடவித்தான் தேடினார். நான் பார்த்தேன். பார்த்தும், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

திரைக்கு வந்தபோதுதான் எனக்கும் தடியனுக்கும் முட்டிக்கொண்டது. அவன் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்துவிட்டு, "ஆறடி போதும்கா" என்றான்.

"ஆறடியா? சுவர் பத்தடி இருக்கே."

"சுவர் இருக்குன்னு பூரா வைப்பாங்களா? உக்கார்ற தூரம்னு ஒண்ணு இருக்கு. இந்த ரூமுக்கு ஆறடிதான் கணக்கு."

"உனக்குக் கண்ணு நல்லா இருக்கு, ஆறடி போதும். உங்க மாமாவுக்குப் பார்வை குறைஞ்சுக்கிட்டே வருது. பெருசா வச்சாத்தானே தெரியும்?"

"பத்தடி வேணும்னா புரொஜெக்டர் இன்னும் பின்னாடி போகணும். பின்னாடி சுவரு. சுவருக்கு அந்தப் பக்கம் உன் சமையலறை."

"சுவரை உடை."

அவன் இவரைப் பார்த்தான். இவர் இரண்டு கையையும் விரித்தார். "உங்க அக்கா சொன்னப்புறம் நான் என்னடா சொல்றது, உடை" என்றார்.

என் தொழிலில் எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்துதான். இறுக்குகிறதா, தையலைப் பிரித்துவிடு. பற்றவில்லையா, துணியை ஒட்டுக் கொடு. குறைகிற இடத்தில் கூட்டித்தான் எனக்குப் பழக்கம். பெரிதாக்கினால் கெட்டுப்போகிற பொருள் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டுப் பரணில் புரொஜெக்டரை வைத்தோம். திரைத்துணி ஒரே அகலத்தில் கிடைக்கவில்லை. இரண்டு பட்டையை இணைக்க வேண்டும், இணைத்த தையல் படத்தில் தெரியக் கூடாது. மூன்று நாள் தரையில் உட்கார்ந்து கையாலேயே தைத்தேன். முட்டி இரண்டும் வீங்கிப்போயின. சட்டத்தில் இழுத்து அடித்து முடித்தபோது, சுவருக்குச் சுவர், வெள்ளை வெளேரென்று, ஒரு சுருக்கம் இல்லை. தடியனே வாயைப் பிளந்தான்.

முதல் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விளக்கை அணைத்தேன். சுவர் பூராவும் வெளிச்சம் வந்தது. மனிதர்களின் முகம் எங்கள் கதவைவிடப் பெரிதாக இருந்தது. இவர் பக்கம் குனிந்து, "எப்படி இருக்கு?" என்றேன்.

தலையை ஒரு தடவை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு, "பிரமாதம்" என்றார்.

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அந்தப் படம் முடிகிறவரை நான் கதையைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், தூங்கவில்லை, டியூட்டிக்கு மணி பார்க்கவில்லை. இடைவேளை என்று நானே படத்தை நிறுத்தினேன். எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, படத்தை மறுபடி போடவே பத்து நிமிடம் ஆனது. உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே மாதிரி இருப்பதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

மூன்று மாதத்தில் பன்னிரண்டு படம் பார்த்தோம். கதவுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வந்தேன். இவர் சிரிக்கிற இடத்தில் சிரித்தார், உச்சுக்கொட்டுகிற இடத்தில் கொட்டினார். கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார், எனக்குப் பிறகு. தலையை மட்டும் ஓயாமல் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருப்பார். பஸ்ஸில் பக்கத்துக் கண்ணாடி பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று கேலி செய்தேன். "ஆமா, பின்னாடி யாராவது ஓவர்டேக் பண்றாங்களான்னு பார்க்கறேன்" என்றார்.

பன்னிரண்டாவது படத்தில் ஒரு கடிதம் வருகிறது. அந்தக் கதாநாயகி அதை யாருக்கும் தெரியாமல் ஒரு டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறாள். பேச்சும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. அந்தக் கடிதம்தான் கதையே. படம் முடியப் போகிற நேரத்தில் இவர் மெதுவாக, "இவ ஏன் அந்த டப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறா?" என்று கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "தூங்கிட்டீங்க, அப்படித்தானே? அதானே பார்த்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு, சுவரையே உடைச்சு, முட்டி வீங்க உக்காந்து தச்சு... உங்களுக்குத் தூங்க ஒரு இடம் பண்ணிக் குடுத்திருக்கேன்!"

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன்மா" என்றார்.

தூங்கவில்லை. அந்த மனிதர் ஒரு நிமிடம் கூடத் தூங்கவில்லை. என் வாயை என்ன செய்தால் தகும்?

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை இருந்தது. எவ்வளவு அகலத்துக்குப் பார்வை இருக்கிறது என்று அளக்கிற மெஷினில் உட்கார வைத்தார்கள். ஒரு கண்ணை மூடி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். பொத்தான் சத்தம் எனக்குக் கேட்டது. எப்போதாவது ஒன்று கேட்டது. நீண்ட நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

சோதனை செய்த பெண் காகிதத்தை என்னிடம் காட்டினாள். காகிதம் பூராவும் கறுப்பு. நடுவில் ஒரு சின்ன வெள்ளை.

"இந்த வெள்ளைதான் அவர் பார்க்கறது" என்றாள். "ஒரு குழாய் வழியாப் பார்க்கற மாதிரி. நடுவுல இருக்கறது நல்லாத் தெளிவாத் தெரியும். ஆனா அவ்வளவுதான் தெரியும். வீட்டுல டிவி பார்ப்பாரா?"

நான் பெருமையோடு சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "டிவி எல்லாம் இல்லீங்க. அவருக்குன்னே வீட்டுல தியேட்டர் கட்டியிருக்கோம். பத்தடித் திரை. நல்லாத் தெரியணும்னு கிட்டக்கவே உக்கார வச்சிருக்கேன்."

அந்தப் பெண் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மா," என்றாள், "படம் பெருசாக ஆக அவருக்குக் கம்மியாத்தான் தெரியும். அந்தக் குழாய்க்குள்ள எவ்வளவு அடங்குதோ அவ்வளவுதான். சின்னதா வச்சு, தூரமா உக்காந்தாத்தான் முழுப் படமும் உள்ள வரும். யாரும் சொல்லலையா?"

சொன்னார்கள். ஓரத்திலிருந்து குறையும் என்று டாக்டர் சொன்னார். ஆறடி போதும் என்று தடியன் சொன்னான்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல் கத்தினேன்.

"ஏன் சொல்லல? பன்னண்டு படம்! ஏன் சொல்லவே இல்ல?"

"கத்தாதே. எல்லாரும் பார்க்கறாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும், பார்க்கறாங்கன்னு?"

சொன்ன உடனே என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். இவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். கோபப்படவில்லை. சிரித்தார்.

"முதல் நாள் நீ கேட்டே, எப்படி இருக்குன்னு. உன் குரல்ல அவ்வளவு சந்தோஷம். முட்டி வேற வீங்கியிருந்துச்சு. பிரமாதம்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் எப்படிம்மா மாத்தறது?"

"என்னதான் தெரிஞ்சுது உங்களுக்கு?"

யோசித்தார். "ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். அதுக்குள்ள ஒரு மூக்கு வரும். சில நேரம் காது. யாராவது நகர்ந்தா பின்னாடியே போவேன். அதுக்குள்ள வேற யாராவது பேசுவாங்க. அவங்களைத் தேடிட்டுப் போனா அவங்க பேசி முடிச்சிருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "உன் பக்கத்துல உக்காந்திருந்தேன்ல. அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்த பெஞ்சிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இரண்டு பஸ் வந்து போயிற்று. இந்த மனிதருக்குக் கண் தெரிகிற நாட்கள் எண்ணிக்கையில்தான் இருந்தன. அதில் மூன்று மாதத்தை நான் மூக்கும் காதுமாக்கி வீணடித்துவிட்டேன். ஆசையாகத்தான் செய்தேன். ஆசையாகச் செய்ததால் பாவம் குறைந்துவிடுமா என்ன?

அழுது முடித்ததும் ஒரு சத்தியம் வாங்கினேன். "இனிமே தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

"சரி."

"என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

"பஸ் ஸ்டாப்புலயா?" என்றார். ஆனாலும் தலையில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே தடியனைக் கூப்பிட்டேன். அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சமையலறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பரணிலிருந்து புரொஜெக்டரை இறக்கி, கூடத்தில் ஒரு ஸ்டூலில் வைத்து, சுவருக்குப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனோம். பத்தடித் துணியில் படம் சுருங்கிச் சுருங்கித் தலையணை உறை அளவுக்கு வந்தது. பஸ் சீட்டைப் பின்னால் இழுத்து, கதவையும் தாண்டிச் சமையலறைக்குள், அடுப்புக்கு முதுகைக் காட்டிப் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

பார்த்த முதல் படத்தையே மறுபடி போட்டேன். இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலை இப்படியும் அப்படியும் போகவில்லை. சட்டென்று என் தொடையில் தட்டினார்.

"அடேய்! இவனுக்கு மீசை இருக்கா?"

"படம் பூரா இருக்கே."

"நான் இவனைச் சின்னப் பையன்னு இல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்! அப்ப அந்தப் பொண்ணு இவனுக்குத் தங்கச்சி இல்லையா?"

"பொண்டாட்டிங்க!"

இவர் சிரித்ததில் சீட்டே ஆடியது. தடியன் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். சாக்பீஸ் கோடுகள் பன்னிரண்டையும் நான் அழித்தேன். ஒன்றிலிருந்து தொடங்கினோம்.

அந்த நாட்களை எனக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஞாயிறு என்று கூடக் காத்திருக்கவில்லை. தைக்க வந்த துணியெல்லாம் மூட்டையாகக் குவிந்தது, வாடிக்கையாளர்கள் திட்டினார்கள், நான் பதிலுக்குத் திட்டினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மத்தியானம் ஒரு படம். டப்பாவில் கடிதத்தை ஒளித்து வைத்ததை இவர் பார்த்தார். பார்த்ததும் என்னிடம் திரும்பி, "பாவி, இதுக்கா அன்னிக்கு என்னை அந்தத் திட்டு திட்டினே? இது தெரியாம எவனுக்கும் இந்தப் படம் புரியாதே!" என்றார். எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது, யார் நன்றாக நடித்தது என்று. அந்த மாதிரிச் சண்டை எங்களுக்கு இருபத்து நான்கு வருடமாகக் கிடைக்கவில்லை.

ஆனால் டாக்டர் சொன்ன இரண்டு வகையில் இவர் வேகமான வகை. பதினெட்டாவது படம் வந்தபோது, "இன்னும் கொஞ்சம் சின்னதா வைக்கலாமா?" என்று கேட்டார். சத்தியம் செய்திருந்தாரே. ஸ்டூலை ஒரு சாண் முன்னால் நகர்த்தினேன். இருபத்து நான்கில் இன்னொரு சாண். படம் கைக்குட்டை அளவானது. பிறகு அதுவும் இவர் பார்வைக்குப் பெரிதாகிவிட்டது. ஸ்டூலை நகர்த்தும்போதெல்லாம் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன், என் முகம் அவருக்குத் தெரியக் கூடாது என்று. தெரிந்திருக்காது. ஆனாலும் நிற்பேன்.

முப்பதாவது படத்துக்குப் பிறகு இவர் ஒன்றும் கேட்கவில்லை. "நகர்த்தட்டுமா?" என்று நானாகக் கேட்டால், "வேணாம், இதுவே சரியா இருக்கு" என்பார். ஒரு வாரம் அப்படிப் போயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டது, இனிக் குறையாது என்று நினைத்தேன். தடியனிடம் போனில் சொல்லவும் செய்தேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியிடமும் நன்றி சொன்னேன்.

முப்பத்து நான்காவது படம். வெளியே நல்ல வெயில், உள்ளே எங்கள் இருட்டு. பாதிப் படம் ஓடிவிட்டது. தடியனிடமிருந்து போன் வந்தது. எப்போதும் இடைவேளையில்தான் கூப்பிடுவான், இன்று அவசரம் போலிருக்கிறது என்று ரிமோட்டில் சத்தத்தை மட்டும் அடக்கினேன். படத்தை நிறுத்தவில்லை. மொட்டை மாடியில் ஒரு பெண் துணி காயப்போடுகிற காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் வரிசையாகப் போர்வைகள் தொங்கின. அவ்வளவு சின்னப் படத்திலும் கண்ணைக் கூசுகிற வெளிச்சம்.

போனை எடுத்துக் காதில் வைக்கப் போனேன். இவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா அணைச்சிட்டே? நல்ல இடத்துல போய்?"

போன் என் கையிலேயே அதிர்ந்து ஓய்ந்தது. நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் பெண் இன்னும் ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தேன். கண் விரியத் திறந்திருந்தது, சுவரின் வெளிச்சம் அதில் சின்னதாகத் தெரிந்தது. எத்தனை நாளாக? அந்த ஒரு வாரமா? 'இதுவே சரியா இருக்கு' என்று முதல் தடவை சொன்ன அன்றிலிருந்தா? கேட்க வாய் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் எனக்கு அடங்கியது.

"போன் வந்துச்சுங்க," என்றேன். "இதோ போடறேன்."

ஒரு பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? நிஜமாகவே அணைத்திருந்தால் படத்தை மறுபடி போட எவ்வளவு நேரம் ஆகுமோ, அதுவரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் சத்தத்தை மறுபடி வைத்தேன். இவர் திருப்தியாகச் சாய்ந்து, சுவரைப் பார்க்கத் திரும்பினார். படம் இருக்கிற இடத்துக்கு இரண்டடி தள்ளிப் பார்த்தார்.

பேசாமல் இருந்தால் ஓவென்று அழுதுவிடுவேன். பேசினேன்.

"மொட்டை மாடி. அவ துணி காயப்போடறா. நல்ல வெயில். பக்கத்து மாடியில நம்ம முதல் படத்து மீசைக்காரன் நிக்கறான், அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கிட்டு."

ஏன் எனக்குச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். படத்தில் யாரோ கீழேயிருந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் போர்வைக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதையும் சொன்னேன். இவர் இருட்டில் தேடி என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி,

"போர்வை என்ன கலர்?" என்றார்.